சோப்புத்தூளை மூன்று முறை மாற்றியும் அரிப்பு நிற்கவில்லையே?

கேள்வி: எங்கள் ஊர் பள்ளத்தூர். எனக்கு வயது 54. மூன்று மாதமாக இடுப்பைச் சுற்றியும், அக்குள் ஓரங்களிலும், கழுத்தின் இரண்டு பக்கமும் சிவந்து, தடித்து, அரிக்கிறது. பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன், துணிக்கு வாசனை தரும் திரவம் இரண்டு பெரிய பாட்டில் கொண்டுவந்தான். மிஷினில் கடைசி அலசலின்போது அதை ஊற்றுகிறோம். சோப்புத்தூளால்தான் வருகிறதோ என்று மூன்று தூள் மாற்றிவிட்டேன், பயனில்லை. மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். தடவினால் நான்கு நாள் அடங்குகிறது, பிறகு முன்பைவிட அதிகமாக வருகிறது. என் கணவரின் துணியும் இதே மிஷினில்தான் துவைக்கிறோம், அவருக்கு ஒன்றுமில்லை. எந்தச் சோப்புத்தூள் வாங்கினால் சரியாகும்? வைகாசியில் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். குழந்தைத் துணியை எதில் துவைப்பது? பாட்டிலின் பின்புறம் லிமோனீன், லினலூல், மெத்தில்ஐசோதயசோலினோன் என்று எழுதியிருப்பதாக மகன் போனில் படித்துச் சொன்னான்.

பதில்: ஆச்சி, எந்தத் தூள் என்பதற்குப் பிறகு வருகிறேன். தூள் மூன்று முறை மாறியும் அரிப்பு மாறவில்லை என்கிறீர்கள். அந்த மூன்று முறையும் மாறாமல் இருந்தது எது என்று யோசித்தீர்களா? கடைசி அலசலில் ஊற்றும் அந்தப் பாட்டில். சோப்புத்தூளாவது அலசும்போது பெரும்பாதி தண்ணீரோடு போய்விடும். வாசனைத் திரவமோ போகாமல் துணியில் தங்குவதற்கென்றே தயாரிக்கப்படுவது. துவைக்கும்போது எதைப் போட்டோம் என்பதைவிட, காய்ந்து மடித்த துணியில் எது மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் தோல் பார்க்கிறது.

துணியால் வரும் தோல் தொல்லை இரண்டு வகை. மிளகாய் அரைத்தால் யார் கையும் எரியும். அளவு கூடினால் எரிச்சலும் கூடும். இது முதல் வகை. நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்டது, அமில-கார அளவான பிஎச் 5ஐ ஒட்டி இருக்கும். சோப்புத்தூள் கரைசலோ காரம், 10ஐத் தொடும். சரியாக அலசாத துணியில் தங்கிய காரம் வியர்வையில் ஊறித் தோலைக் கடிக்கிறது. இரண்டாவது வகை ஒவ்வாமை. இதற்கு அளவைவிட ஆள்தான் முக்கியம். குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளை ஒருவரின் நோய் எதிர்ப்பு அணுக்கள் எதிரி என்று முடிவு கட்டிவிட்டால், அதன் பிறகு அது சிறிதளவு பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் தோல் சிவந்து தடிக்கும். உங்கள் கணவருக்கு ஒன்றும் இல்லாததற்கு இதுவே விளக்கம். பத்து வருடமாக ஒத்துப்போன பொருள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதும் இந்த வகையில் சாதாரணம். தொட்ட உடனே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்து வருவதால், இன்று அரிப்பதற்கு இன்று கட்டிய புடவையைக் குறை சொல்கிறோம். குற்றவாளி முந்தாநாள் கட்டியதாக இருக்கலாம்.

மகன் படித்துச் சொன்ன மூன்று பெயர்களும் தோல் மருத்துவருக்குப் பழகியவை. லிமோனீன் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் மணம். லினலூல் லாவெண்டரின் மணம். புதிதாக இருக்கும்போது இவை அவ்வளவு மோசமில்லை. திறந்த பாட்டிலில் காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேரும்போது உருவாகும் பொருள்கள்தான் ஒவ்வாமையைத் தூண்டுவதில் பலமானவை. பொங்கலுக்குத் திறந்த பாட்டில் பங்குனி வெயிலில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாவது பெயர், தண்ணீர் கலந்த பொருள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்படுத்தி. அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சி சங்கம் 2013ஆம் ஆண்டின் ‘ஒவ்வாமைப் பொருள்’ என்று இதைத்தான் அறிவித்தது. உடலில் பூசிவிட்டு அப்படியே விடும் கிரீம்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்தது. உலர்ந்த தூளுக்குப் பதப்படுத்தி தேவையில்லை. லிக்விட் சோப்பு, தூளைவிட மென்மையானது என்று விளம்பரம் சொன்னாலும், ஒவ்வாமை உள்ளவருக்குத் தூளே பாதுகாப்பாக இருப்பதும் உண்டு.

சில திரவங்களில் வாசனையை நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். துணி உரசும்போது உறை உடைந்து மணம் வெளிவரும். நாள் முழுக்கப் புத்துணர்ச்சி என்பதன் உட்பொருள் இதுதான். துணி எங்கே அதிகம் உரசும்? இடுப்பில், அக்குள் ஓரத்தில், கழுத்தில். நீங்கள் எழுதிய அதே மூன்று இடங்கள்.

இதனாலேயே சலவைப் பொருள்தான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதிவிடவில்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தோலழற்சியோடு வந்த எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சலவைப் பொருளை வைத்துச் சோதித்தார்கள். ஒவ்வாமை தெரிந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. உடம்பு அரித்தால் முதலில் சோப்புத்தூள்மீது பழி போடுவது நம் வழக்கம். பல நேரம் அது வீண் பழி. இங்கே நாம் அலசுவது உப்புத் தண்ணீரில் என்பது வேறு விஷயம்.

எனவே முதலில் இடத்தைப் பாருங்கள். அக்குளின் உள்குழியில் ஒன்றுமில்லாமல் ஓரத்தில் மட்டும் அரிப்பு என்றால் துணிமீது சந்தேகம். குழிக்குள்ளேயே என்றால் பவுடர், சென்ட் வகையறா. கழுத்தின் பக்கவாட்டு என்றால் தலைச்சாயமும், நேராகத் தோலில் அடித்துக்கொள்ளும் சென்ட்டும்கூடப் பட்டியலில் வரும். இமை வீங்கினாலும் சாயத்தை மறக்க வேண்டாம். கையில் மட்டும் என்றால் துணியில் ஒட்டியது காரணமில்லை, கல்லில் தோய்க்கும் வேலையே காரணம். ஒரு குறிப்பிட்ட கருநீல ரவிக்கை போடும்போது மட்டும் வந்தால் அது பாலியெஸ்டர் துணியின் சாயமாக இருக்கலாம். சலவைத்தூள்தான் எதிரி என்றால் துண்டு, தலையணை உறை, படுக்கை விரிப்பு எல்லாமே அதே தூளில் தோய்ந்தவைதானே. உடம்பு பட்ட இடமெல்லாம் கொஞ்சமாவது காட்ட வேண்டாமா?

எனக்கு அதிகக் கவலை தருவது நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்தக் களிம்பு. ‘நான்கு நாள் அடங்கி, பிறகு அதிகமாக வருகிறது’ என்ற வாக்கியத்தை வாரத்தில் பத்துப் பேரிடமாவது கேட்கிறேன். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இடுப்பில் இருப்பது படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிக்கொண்டே பூஞ்சையை வளர்த்துவிடும். வட்டமாக, விளிம்பு சிவந்து, நடுவில் தெளிந்து பரவும் அதன் அடையாளமும் அழிந்துபோகும். பிறகு பார்க்கும் மருத்துவருக்கும் குழப்பம். நம் ஊர்ச் சூட்டில், வியர்வையில் நனைந்த பாவாடைக் கட்டுக்கடியில் படர்தாமரை வருவது ஒவ்வாமையைவிடப் பல மடங்கு சாதாரணம். அந்தக் களிம்பை மறுபடி வாங்காதீர்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. அதை முதலில் செய்துகொள்ளுங்கள்.

பாவாடை நாடாவையும் விசாரிக்க வேண்டும். கயிறு போல மெல்லிய நாடாவை இறுக்கி, ஒரே இடத்தில் முப்பது வருடம் கட்டினால் அந்த வரியில் தோல் கறுத்து, தடித்து, சொறசொறப்பாகும். வேட்டி இறுகும் இடுப்பில் வரும் புற்றுநோயை நோயியல் அறிஞர் வி.ஆர்.கனோல்கர் 1945லேயே பதிவு செய்திருக்கிறார். புடவைக்கட்டு இடத்திலும் அப்படி வந்ததுண்டு. மிக மிக அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் நாடா வரியில் ஆறாத புண் ஒன்று வாரக்கணக்கில் இருந்தால் காட்டிவிடுங்கள். இரண்டு விரல் அகலப் பட்டை வைத்துத் தைத்த பாவாடைக்கு மாறினால் பாதி அரிப்பு தானாகக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது தண்ணீர். அந்தக் காலத்தில் நம் செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டிலிருந்து வளவில், அதாவது நடு முற்றத்தில், இறங்கும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைத்தார்கள். ஊருணித் தண்ணீரைக் காபந்து செய்தார்கள். இப்போது மூன்றாங்கட்டில் மிஷின் நிற்கிறது, அதற்குள் வருவது போர்த் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கட்டிச் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படிவாகத் துணியில் ஒட்டும். துணி வெளுக்கவில்லையே என்று இன்னும் ஒரு கரண்டி தூள் போடுகிறோம். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால் அலசலைக் குறைக்கிறோம். போடுவது கூடி, போக்குவது குறைகிறது. அதிலும் கண்டாங்கி போன்ற கனத்த பருத்திப் புடவை தண்ணீரை உறிஞ்சுவதுபோலச் சோப்பையும் உறிஞ்சிவைத்துக்கொள்ளும். மெல்லிய வாயில் புடவைக்குப் போதுமான அலசல் அதற்குப் போதாது.

எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். துவைத்துக் காய்ந்த ஒரு ரவிக்கையை, சுத்தமான வாளியில் நல்ல தண்ணீர் பிடித்துப் போட்டு நன்றாகக் கசக்குங்கள். நுரை எழும்பினால், தண்ணீர் வழவழத்தால், அது நேற்று வரை உங்கள் உடம்பில் இருந்த சோப்பு.

நான்கு வாரம் நான் சொல்கிறபடி நடந்துபாருங்கள். எல்லாத் துணியையும் பிடித்துக்கொண்டு அல்லாட வேண்டாம்; ஏழு செட் போதும், கூடவே இரண்டு விரிப்பு, உறை, துண்டு. அவற்றைத் தூள் இல்லாமல், சாயம் போகாதவற்றை வெந்நீரிலும் மற்றவற்றைச் சாதாரண நீரிலும், நுரை நிற்கும் வரை இரண்டு மூன்று முறை அலசி எடுங்கள். காலி மிஷினையும் ஒருமுறை வெந்நீரில் ஓட்டுங்கள். திரவம் ஊற்றும் தட்டில் பழைய பசை அப்பியிருக்கும். பிறகு வாசனையற்ற தூள், இப்போது போடுவதில் பாதி அளவு, எப்போதும் ஓர் அலசல் கூடுதலாக. கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. வாசனைத் திரவம், பாக்கெட்டில் வரும் மணமுள்ள கஞ்சி, சென்ட், வாசனைப் பவுடர் எல்லாம் நிறுத்தம். தோலுக்குத் தேங்காய் எண்ணெயோ வெறும் வாசலினோ போதும். ஆனால் படர்தாமரை இல்லை என்று உறுதியான பிறகே எண்ணெய். நீங்கள் தூளை மாற்றி ஒரு வாரத்தில் கைவிட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒவ்வாமைக் கரப்பான் அடங்கவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். பீரோவில் இருக்கும் மற்ற புடவைகளோ பழைய வாசனையோடு காத்திருக்கும்.

நான்கு வாரத்தில் தெளிந்தால், ஒரே ஒரு ரவிக்கையைப் பழைய முறையில் துவைத்து மூன்று நான்கு நாள் போட்டுப் பாருங்கள். திரும்ப வந்தால் விடை கிடைத்துவிட்டது.

இனி உங்கள் கேள்வி. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். ‘வாசனைப் பொருள் சேர்க்கப்படவில்லை’ என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்குங்கள். ‘மென்மையானது’, ‘தோலுக்கு உகந்தது’ என்பவை விற்பனைச் சொற்கள். மணமே வராதபடி இன்னொரு மணப்பொருளைச் சேர்த்து மறைப்பதும் உண்டு என்பதால் மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். மூலிகை, இயற்கை என்றாலும் அப்படியே. லாவெண்டர் எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும் இயற்கைதான். பூந்திக்கொட்டை பலருக்கு ஒத்துப்போகும். ஆனால் இயற்கையின் சாதுத்தனத்துக்கு நம் சலவை வரலாற்றிலேயே மறுப்பு இருக்கிறது. சலவைத் தொழிலாளர்கள் துணி மாறாமல் இருக்கச் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்கள் அல்லவா? இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் காலரிலும் இடுப்புப் பட்டையிலும் குறி பட்ட இடத்தில் கொப்புளம் கிளம்பியது. 1943இல் அது மருத்துவ இதழில் கட்டுரையாகவே வந்தது. சேங்கொட்டை மாமரக் குடும்பத்தைச் சேர்ந்த அசல் இயற்கைப் பொருள்.

நான்கு வாரமும் பயன் தராவிட்டால் பேட்ச் டெஸ்ட் செய்யலாம். முதுகில் சந்தேகப் பொருள்களைச் சிறு பட்டைகளாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மூன்றாவது அல்லது நான்காவது நாள் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. சித்திரை, வைகாசியில் இது நடக்காத காரியம். மார்கழி, தை வரை பொறுக்கலாம். மதுரையிலோ திருச்சியிலோ செய்வதாக இருந்தால் முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். தூளைக் குழைத்துத் தோலில் பிளாஸ்திரி போட்டு நீங்களே சோதிக்க வேண்டாம். யாருக்கும் புண்ணாகும், எதுவும் நிரூபணமாகாது. நீர் வடிந்தாலோ, சீழ் வைத்தாலோ, முகமும் இமையும் வீங்கினாலோ நான்கு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

குழந்தைத் துணிக்குத் தனிச் சோப்பு தேவையில்லை. மேலே சொன்ன வாசனையற்ற தூளும் கூடுதல் அலசலும் போதும். அந்த வாசனைத் திரவம் மட்டும் வேண்டாம். பிறந்த குழந்தையைச் சுற்றப் பழைய பருத்தி வேட்டியைத்தான் எடுப்பீர்கள். நல்ல வழக்கம், பழசு மென்மையாக இருக்கும். அது அந்துருண்டை போட்ட பெட்டியில் இருந்ததா என்று மட்டும் பாருங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, அந்துருண்டையின் நாப்தலீன் ஆவி துணி வழியாகவே சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். பிறக்கும் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று முன்னமே நமக்குத் தெரியாது. அந்துருண்டை வாடை அடிக்கும் வேட்டியை ஒதுக்கிவிட்டு, அன்றாடம் புழங்கும் வேட்டிகளில் நான்கை இப்போதே எடுத்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, வேறு அலமாரியில் வையுங்கள்.