வேற்றுமை, வேறுபாடு, வித்தியாசம்: எதை எங்கே எழுதுவது?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் வீட்டுப்பாடத்தில், 'ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள வித்தியாசம்' என்று எழுதினாள். ஆசிரியை அதை அடித்து 'வேறுபாடு' என்று திருத்தியிருக்கிறார். வித்தியாசம் தப்பா? இலக்கணத்தில் வரும் வேற்றுமையும் இதே பொருள்தானா?

பதில்: தப்பே இல்லை. வித்தியாசம் வடமொழியிலிருந்து வந்து தமிழில் ஊறிவிட்ட சொல். 'ஆறு வித்தியாசங்கள்' படப்புதிர், 'ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்' என்பதுபோல் எண்ணிச் சொல்லும் இடங்களில் அதுதான் இயல்பாக வருகிறது. 'வித்தியாசமான ஆள்' என்கிறோம். 'வேறுபாடான ஆள்' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பாடத்தில் 'வேறுபடுத்துக' என்றுதானே கேட்கிறார்கள்? அதனால் விடையில் வேறுபாடு என்று எழுதுவது பொருத்தம். புறப்படு புறப்பாடு ஆனதுபோல, வேறுபடு வேறுபாடு ஆனது.

வேற்றுமைக்கு வருவோம். ஆறு, ஆற்றுநீரில் 'ஆற்று' ஆவதுபோல வேறு 'வேற்று' ஆகி, 'மை' சேர்ந்த சொல் இது. 'பிறப்பொக்கும்' என்று தொடங்கும் குறளில் (972) வள்ளுவர் 'செய்தொழில் வேற்றுமையான்' என்றார். வேறுபாடு என்பதே அங்கே பொருள். இன்றைய பேச்சிலோ இதில் ஓர் அந்நியமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேற்றாள், வேற்றூர் என்கிறோம். கைக்குழந்தை புது ஆளைப் பார்த்து அழுதால் 'வேத்துமுகம் பாக்குது' என்பார் பாட்டி. 'எங்களுக்குள் வேற்றுமை கிடையாது' என்றால் பிரிவு கிடையாது என்று பொருள். அதனால்தான் நண்பர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாதபோது, 'கருத்து வேறுபாடு' என்று எழுதவே நான் சொல்வேன்.

இலக்கண வேற்றுமையும் அதே சொல்தான். பெயரின் இறுதியில் நின்று அதன் பொருளை வேறுபடுத்துவது வேற்றுமை என்கிறது நன்னூல். 'பூனை நாயைத் துரத்தியது', 'பூனையை நாய் துரத்தியது': இந்த இரண்டையும் மகளிடம் எழுதிக் காட்டுங்கள். 'ஐ' இடம் மாறியதுமே துரத்தியது யார், ஓடியது யார் என்பது தலைகீழாகிவிடுகிறது. வேற்றுமை ஏழு என்பர் என்று சொல்லிவிட்டு, ஒருவரை அழைக்கும்போது வரும் விளியையும் சேர்த்து எட்டாக்குகிறார் தொல்காப்பியர். முதல் வேற்றுமைக்கு உருபு, அதாவது பெயரின் இறுதியில் ஒட்டும் உறுப்பு, கிடையாது. 'பூனை' தனியாக நின்றே எழுவாய் ஆகிவிடும். இரண்டாம் வேற்றுமையின் உருபுதான் அந்த 'ஐ'.

சரி, வீட்டில் அவள் வித்தியாசம் என்றே பேசட்டும். திருத்த வேண்டாம்.