டேக்கோமீட்டர் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று, அதாவது ஆர்.பி.எம்., என்று காட்டும் மீட்டர்) இல்லாத பழைய காருக்கு எல்.இ.டி. ஆர்.பி.எம். மீட்டரை வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். அப்பாவின் பிரீமியர் பத்மினிக்கு நானே செய்து மாட்டினேன். எல்.இ.டி.யை எரிய வைப்பது ஒரு மாலை வேலைதான். இக்னிஷன் காயிலிலிருந்து (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் சுருள்) சுத்தமான சிக்னலை எடுக்கத்தான் எனக்கு மூன்று வாரம் ஆனது. அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுற்றும், அதற்குள் பாயிண்ட் (காயிலின் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) நான்கு முறை திறக்கும். ஆக, கிராங்கின் ஒரு சுற்றுக்கு இரண்டு பல்ஸ். 6000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 200. இந்த எண்ணிக்கையை வோல்டேஜாக மாற்ற எல்.எம்.2917 ஐசி, அந்த வோல்டேஜைப் பத்து எல்.இ.டி.யாகக் காட்ட எல்.எம்.3914 ஐசி. இரண்டுமே எனக்குச் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தன. 2917-இல் 14 கால் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். 8 கால் ஐசியில் ஒரு இன்புட் உள்ளுக்குள்ளேயே கிரவுண்டோடு சேர்ந்திருக்கும், பல்ஸை எந்த வோல்டேஜில் எண்ண வேண்டும் என்று நாம் வைக்க முடியாது.

முதல் தடவை மாட்டியபோது வண்டி ஐடிலில் நிற்க, மீட்டர் 2400-ஐத் தொட்டுத் தொட்டு இறங்கியது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் மைனஸ் முனையில் சில நூறு வோல்ட் எகிறும், பிறகு மணி அடித்தாற்போல் அதிர்ந்து அடங்கும். அந்த அதிர்வுகளையெல்லாம் ஐசி தனித்தனி பல்ஸாக எண்ணிவிட்டது.

தீர்வு இதுதான்: காயில் மைனஸிலிருந்து அரை வாட் 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போட்டேன். அவற்றின் மறுமுனையில் கிரவுண்டுக்கு ஒரு 5.1 வோல்ட் ஜெனர் (அதற்கு மேல் வோல்டேஜை ஏறவிடாத டயோடு), கூடவே 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அங்கிருந்து இன்னொரு 10 கே வழியாக ஐசிக்குள். ஐசியின் ஒப்பிடும் இன்புட்டை 2 வோல்ட் அளவில் வைத்தேன். துள்ளல் நின்றுவிட்டது. அன்று ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நின்று ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்லக் கொடுத்து, விளக்குகள் வரிசையாக ஏறுவதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

மற்ற மதிப்புகள்: 2917-இன் சார்ஜ் பம்புக்கு (பல்ஸை வோல்டேஜாக மாற்றும் பகுதி) 0.022 மைக்ரோஃபாரட், 100 கே. உள்ளே இருக்கும் 7.5 வோல்ட் ஜெனரோடு கணக்குப் போட்டால் 6000-க்கு 3.3 வோல்ட் வரும். வடிகட்டும் கெப்பாசிட்டர் 2.2 மைக்ரோஃபாரட். அதைக் கூட்டினால் காட்டி மந்தமாகிவிடும், குறைத்தால் நடுங்கும்.

எல்.இ.டி.களுக்கு 12 வோல்ட்டை நேரே கொடுக்காதீர்கள். பத்தும் 10 மில்லிஆம்பியரில் எரிந்தால் 3914-இல் ஒரு வாட்டுக்கு மேல் சூடு சேரும். 7805 ரெகுலேட்டர் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் அது கால் வாட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இக்னிஷன் ஒயரிலிருந்து எடுக்கும் இணைப்பில் ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

அளவு சரிபார்க்க இன்னொரு மீட்டர் தேவையில்லை, வீட்டுக் கரண்டே போதும். 6 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியை இந்த இன்புட்டில் கொடுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்பது நான்கு சிலிண்டருக்குச் சரியாக 1500 ஆர்.பி.எம். நடுவில் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் அதன் அவுட்புட்டுக்குக் குறுக்கே 1 கே-யும் போட்டால் 100 ஹெர்ட்ஸ், அதாவது 3000. அப்போது ஐந்தாவது எல்.இ.டி. எரியத் தொடங்கும் இடத்தில் 3914-இன் ரெஃபரன்ஸ் பிரிசெட்டை (முழு அளவை வைக்கும், திருகி மாற்றும் ரெசிஸ்டர்) நிறுத்துங்கள். பிரிட்ஜை எடுத்துவிட்டால் இரண்டு மட்டும் எரிய வேண்டும். பிரைமரி பக்கம் 230 வோல்ட், கை படாமல் மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

ஒரு எல்.இ.டி. 600 ஆர்.பி.எம். என்பதால் கார்ப்பரேட்டரில் ஐடில் ட்யூன் செய்ய இது உதவாது. கியர் மாற்றும் நேரத்தைப் பார்த்துக்கொள்ள அருமையாக இருக்கிறது.

உங்களுடையது கார்ப்பரேட்டர் மாருதி 800 என்றால் அதில் மூன்று சிலிண்டர், சுற்றுக்கு ஒன்றரை பல்ஸ். அதே 50 ஹெர்ட்ஸை 2000 என்றும் 100-ஐ 4000 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.