நாடி பாத்த டாக்டர் கவர்னர் ஆன கதை

கேள்வி: சார், அமெரிக்காக்காரங்க வேலூருக்கு வந்து சிஎம்சி கட்டுனது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்க நாடு சுதந்திரம் வாங்குனப்பவே டாக்டருங்க அரசியல்ல இருந்தாங்கன்னு பையன் சொல்றான், நெஜமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: நெஜந்தாங்க. 1776 சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்து போட்ட 56 பேர்ல சில பேர் டாக்டருங்க. எல்லாரும் பெஞ்சமின் ரஷ் பேரத்தான் சொல்வாங்க, எனக்கு புடிச்சவரு அமெரிக்காவோட வடகிழக்கு மூலைல இருக்கற நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து ஜோசையா பார்ட்லெட். 1729ல பொறந்தவரு, காலேஜ் பக்கமே போனதில்ல, 16 வயசுல ஒரு டாக்டர்கிட்ட எடுபிடியா சேந்து தொழில் கத்துக்கிட்டு 1750ல கிங்ஸ்டன்ங்கற சின்ன ஊர்ல வைத்தியம் பாக்க உக்காந்துட்டாரு.

கொஞ்ச நாள்ல அவருக்கே கடுமையான காய்ச்சல். அந்தக் காலத்து வைத்தியம் எப்படின்னா கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டு, குடிக்கவும் ஒண்ணும் தராம போட்டுடுவாங்க. இவரு ஒத்துக்கல, ஆப்பிள் சாறு கொண்டாங்கன்னு வாங்கி ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா குடிக்க, வேர்த்துக் கொட்டி காலைல காய்ச்சல் எறங்கிடுச்சாம். அதுலருந்து புக்குல இருக்கறத விட நோயாளிய பாத்து முடிவு பண்றதுதான் இவரு வழி. 1754ல கொழந்தைங்கள கொத்துக்கொத்தா தூக்கிட்டுப் போன தொண்டை அடைப்பான் வந்தப்ப காய்ச்சலுக்கு குடுக்கற சிங்கோனா மரப் பட்டைய குடுத்துப் பாத்தாரு, பேரு வந்துச்சு. வீடு வீடா போற டாக்டர ஊரு சட்டசபைக்கு அனுப்புறதுல ஆச்சரியம் என்ன இருக்கு?

ஆனா பிரிட்டிஷ் கவர்னர எதுத்து நின்னதுக்கு வெல குடுத்தாரு. 1774ல வீடு எரிஞ்சு போச்சு, எதிராளிங்க வச்ச தீன்னுதான் ஊர்ப் பேச்சு. அந்த வருஷம் காங்கிரஸுக்கு (நம்ம கட்சி இல்லீங்க, அங்க எல்லா மாகாணத்து பிரதிநிதிங்களும் கூடுன சபை) கூப்ட்டும் போகாம வீட்ட கட்டுனாரு, அடுத்த வருஷம் போனாரு. 1776 ஜூலைல சுதந்திரத்துக்கு ஓட்டு எடுத்தப்ப மாகாணங்கள வடக்குலருந்து வரிசையா கூப்ட்டதால மொத ஓட்டு இவரோடது. 1777ல பிரிட்டிஷ் படையோட நடந்த பென்னிங்டன் சண்டைல அடிபட்டவங்களுக்கு மருந்து தூக்கிட்டு ஓடுனாரு. அமெரிக்காக்காரங்க அங்க இன்னும் சண்டைல இருக்கறப்ப, 1780ல நம்ம ஆற்காட்ட ஹைதர் அலி புடிச்சாரு, ரெண்டு பக்கமும் எதிரி ஒருத்தந்தான், பிரிட்டிஷ்காரன்.

கேள்வி: இதே டாக்டர் ஜட்ஜாவும் இருந்தாராமே, வக்கீலுக்கு படிக்காம எப்படி?
– வாலாஜா வாசகி

பதில்: அப்ப அங்க சட்டம் படிக்காதவங்களும் ஜட்ஜா உக்காருவாங்கம்மா. 1782ல ஹைகோர்ட் மாதிரியான கோர்ட்டுல, 1788ல தலைமை நீதிபதி. செனட்டர் பதவி தேடி வந்தும் வேணாம்னுட்டாரு. 1790ல மாகாணத் தலைவர், 1792ல அந்தப் பதவிக்கே கவர்னர்னு பேர் மாறுச்சு. நடுவுல 1791ல அந்த மாகாண டாக்டருங்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு மொத தலைவரா இருந்தாரு, என்னக் கேட்டா கவர்னர் பதவிய விட இதுதான் பெரிசு. 1794ல உடம்பு முடியாம வெலகி, மறு வருஷம் எறந்துட்டாரு. பசங்க மூணு பேரும் டாக்டர், அதுல அப்பா பேரையே வச்சிருந்த பையன் காங்கிரஸ் மெம்பரும் ஆனாரு. வாரிசு அரசியலான்னு நீங்க சிரிக்கறது கேக்குதும்மா.