நாய்க்குப் பச்சை முட்டை கொடுத்தால் முடி பளபளக்குமா?

முடி நன்றாக வளரட்டும் என்று தினமும் பாலில் ஒரு பச்சை முட்டையை அடித்து நாய்க்கு ஊற்றலாமா என்பது கேள்வி. முட்டை நாய்க்கு நல்ல உணவுதான். ஆனால் அவித்துக் கொடுங்கள். முடிக்கு உதவுவது முட்டையிலுள்ள புரதமும் கொழுப்பும்; அவை இரண்டும் அவித்தால் எங்கும் போய்விடாது.

சிக்கல் வெள்ளைக்கருவில் இருக்கிறது. அதிலுள்ள அவிடின் என்ற புரதம், தோலுக்கும் முடிக்கும் தேவையான பயோட்டின் என்ற பி வைட்டமினை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட பயோட்டினைக் குடலால் உறிஞ்ச முடியாது, மலத்தோடு போய்விடும். மஞ்சள்கருவில்தான் பயோட்டின் இருக்கிறதே, அது ஈடுகட்டாதா என்பார்கள். ஒரு முட்டையின் வெள்ளை, அதே முட்டையின் மஞ்சளில் இருப்பதைவிட அதிகமான பயோட்டினைப் பிடித்துவைக்கக்கூடியது. எப்போதோ ஒருநாள் ஒரு பச்சை முட்டை குடித்த நாய்க்கு இதனால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் தினமும் கொடுத்தால்தான் முடி மங்கி, தோல் செதில் செதிலாக உரிந்து, கண்ணைச் சுற்றி முடி கொட்டும். குடல் நுண்ணுயிரிகளும் கொஞ்சம் பயோட்டின் தயாரிக்கும் என்பதால், நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாய்க்கு ஆபத்து கூடுதல்.

பச்சை வெள்ளைக்கருவில் செரிமான நொதிகளைத் தடுக்கும் புரதங்களும் உண்டு. அதனால் சில நாய்களுக்கு அன்றைக்கே கழிச்சல் வரும். கூடவே பாலும் ஊற்றினால் கழிச்சல் பாலாலா முட்டையாலா என்றே தெரியாது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை.

அடுத்தது சால்மோனெல்லா என்ற கிருமி. கடையில் வாங்கும் முட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிலவற்றின் ஓட்டில் காய்ந்த எச்சம் ஒட்டியிருக்கும். கிருமி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது, சில சமயம் முட்டைக்குள்ளேயே இருக்கும். நாய்க்கு ஒரு அறிகுறியும் தெரியாமல் போகலாம். ஆனால் அதன் மலத்திலும் எச்சிலிலும் கிருமி வெளிவரும். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். நாயின் தட்டைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

தண்ணீர் கொதித்த பிறகு 10 நிமிடம் அவித்தால் போதும். ஆறவைத்து, ஓட்டை உரித்து, கையால் பிசைந்து சோற்றில் கலந்துவிடுங்கள். உப்பு, எண்ணெய், மிளகு எதுவும் வேண்டாம். ஆஃப்பாயிலில் வெள்ளை வெந்துவிடுவதால் அவிடின் பிரச்சினை குறையும், மஞ்சள் வேகாததால் கிருமி பயம் அப்படியே இருக்கும். நம் தட்டில் மிஞ்சிய ஆம்லெட்டையும் பொடிமாஸையும் போடாதீர்கள். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்கும். வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

அளவு எடையைப் பொறுத்தது. ஒரு முட்டை சுமார் 70 கலோரி. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி தேவை. சத்துச் சமநிலையான உணவுக்கு மேல் கொடுப்பது அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஆகவே அதற்கு வாரம் 3 அல்லது 4 முட்டை போதும். 25 கிலோ லாப்ரடாருக்குத் தினம் ஒன்று தரலாம். 4 கிலோ பொமரேனியனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அரை முட்டை.

ஜிம்முக்குப் போகிறவர்கள் வெள்ளையைச் சாப்பிட்டுவிட்டு நாலைந்து மஞ்சளை நாய்க்குப் போடுகிறார்கள். ஒரு மஞ்சளே சுமார் 55 கலோரி, பெரும்பகுதி கொழுப்பு. ஐந்து மஞ்சள் என்றால் 10 கிலோ நாய்க்குக் கிட்டத்தட்ட பாதி நாள் சாப்பாடு. ஒரே நேரத்தில் இவ்வளவு கொழுப்பு போனால் சில நாய்களுக்குக் கணைய அழற்சி வந்து, வாந்தியும் வயிற்று வலியுமாகச் சுருண்டுவிடும். ஏற்கெனவே கணையக் கோளாறு வந்த நாய்க்கு அவித்த வெள்ளை மட்டும், அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

ஓட்டைப் பொடித்துக் கலக்கச் சொல்பவர்களும் உண்டு. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. பாக்கெட் உணவு சாப்பிடும் கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளுக்கு அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தக் குட்டியின் குடலுக்குத் தெரியாது. வளரும் எலும்பு கோணிவிடும்.