கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது. அடிக்கடி கண் சிமிட்டுகிறாள். செல்போன் வெளிச்சத்தால் கண் நரம்பு கெட்டுவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பள்ளி முகாமில் பார்வை நன்றாக இருக்கிறது என்றார்கள். விளையாட்டாக இடது கண்ணைப் பொத்தினால் பேசாமல் இருக்கிறாள்; வலது கண்ணைப் பொத்தினால் கையைத் தட்டிவிட்டு அழுகிறாள். மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து விட்டு வருகிறேன். 'பெண் பிள்ளைக்கு இப்போதே கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும்' என்கிறார் மாமியார். - வாசகி, திண்டுக்கல்

பதில்: வலது கண்ணைப் பொத்தினால் அழுகிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். இடது கண்ணில் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று சந்தேகிக்கிறேன்.

ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால், அது அனுப்பும் மங்கலான பிம்பத்தை மூளை ஒதுக்கிவிடும். நாளடைவில் அந்தக் கண்ணில் பார்வை வளராமலே நின்றுபோகும். இதுதான் சோம்பேறிக் கண். கண் சிவக்காது, வலிக்காது, மாறுகண்ணும் இல்லாமல் இருக்கலாம். குழந்தையும் சொல்லாது, அப்படியே பார்த்துப் பழகியவளுக்கு அது குறை என்றே தெரியாது. முகாம்களில் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கண்ணை மூடிக்கொள்கிறார்கள். விரலிடுக்கு வழியே நல்ல கண் எழுத்தைப் படித்துவிடும்.

இந்த வாரமே குழந்தைகள் கண் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணாடிக் கடையின் கம்ப்யூட்டர் சோதனை போதாது. சின்னப் பிள்ளைகளின் கண் தசை இறுகிக்கொண்டே இருப்பதால் கருவி தப்பான பவரைக் காட்டும். மருந்து விட்டுத் தசையைத் தளர்த்திய பிறகே உண்மையான பவர் தெரியும். விழித்திரையையும் அப்போதே பார்த்துவிடுவார்கள். மருந்தின் வகையைப் பொறுத்து ஒரு நாளோ, ஒரு வாரத்துக்கு மேலோ வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

சோம்பேறிக் கண் என்று உறுதியானால் முதல் மருந்தே கண்ணாடிதான். சில குழந்தைகளுக்கு அதுவே போதும். மற்றவர்களுக்கு நல்ல கண்ணைத் தினமும் 2 முதல் 6 மணி நேரம் வரை ஒட்டி மறைத்து, மங்கிய கண்ணை வேலை வாங்க வேண்டும். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பிறகும் முயலலாம், ஆனால் பலன் குறைந்துகொண்டே போகும். கண்ணாடியால் பவர் ஏறுவதில்லை. பிள்ளை வளரும்போது விழியும் நீள்வதால்தான் கிட்டப்பார்வை கூடுகிறது. 'பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா' என்று தயங்கி இரண்டு வருடத்தைக் கடத்திவிட்டால், அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டும் அந்தக் கண் முழுப் பார்வைக்கு வராமல் போகலாம். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

கண் சிமிட்டுவது பெரும்பாலும் அலர்ஜியாகவோ பழக்கமாகவோ இருக்கும். செல்போன் வெளிச்சத்தால் நரம்பு கெடாது. நேரத்தைக் குறைத்து வெளியே விளையாட விடுங்கள், போதும்.

சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். கடையில் கேட்டு வாங்கும் மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் கூடி நரம்பு கெடலாம், புரையும் வரலாம். யூடியூபுக்குப் பயந்த நீங்கள் இதற்கல்லவா பயந்திருக்க வேண்டும்! அந்தப் புட்டியைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.