90 யூனிட்டிலிருந்து 60க்குள் இறங்க முடியுமா?

கேள்வி: மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருக்கிறோம். நான், கணவர், படிக்கிற இரண்டு பிள்ளைகள். மாதம் 55 யூனிட் அளவில் வந்துகொண்டிருந்த கரண்ட் பில் சித்திரைக்குப் பிறகு 88, 91 என்று ஏறிவிட்டது. புதுச் சாமான் ஒன்றும் வாங்கவில்லை. அம்மா எங்களோடு வந்து இருக்கிறா. பின்பக்க அறையை அவவுக்குக் கொடுத்திருக்கிறோம். அது மட்டும் கூரைக்குச் சீற் போட்ட அறை, பின்னேரம் அனல் அடிக்கும். பிரிட்ஜ் பழையது, பதினொரு வருடம் ஆகிறது. கிணற்றுக்கு அரைக் குதிரைவலு மோட்டர். பிரிட்ஜை மாற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டிலும், சோலார் போடச் சொல்லிக் கணவரின் நண்பரும் நிற்கிறார்கள். எதை முதலில் செய்வது? முன்பு இரண்டு மாதம் வந்த கேஸ் இப்போது ஒன்றரை மாதத்தில் முடிகிறது. போன் சார்ஜரைக்கூட கணவர் கழற்றித்தான் வைக்கிறார்.

பதில்: முதலில் ஒன்றையும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது.

வீட்டுப் பாவனைக்கான கட்டணம் எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால்தான் 55க்கும் 90க்கும் இடையில் என்ன நடந்தது என்பது விளங்கும். மாதம் 60 யூனிட் வரை பாவிக்கும் வீட்டுக்கு ஒரு கணக்கு: முதல் 30 ஒரு விலை, அடுத்த 30 இன்னொரு விலை. 60ஐத் தாண்டினால் கணக்கே வேறு. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூட்டி எடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலைப் பட்டியல்தான். யூனிட் விலைக்குப் புறம்பாக மாதாமாதம் போடும் நிலையான கட்டணமும் ஏறும். 90க்கு மேல் போனால் நிலையான கட்டணம் இன்னொரு படி ஏறும். அதனால்தான் 88 வந்த மாதத்தைவிட 91 வந்த மாதம், மூன்று யூனிட்டுக்குப் பொருந்தாத அளவுக்குக் கூட வந்திருக்கும். ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. கரண்ட் விலையைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை அடிக்கடி மாற்றுகிறது. பட்டியலின் அமைப்பு இதுதான்.

இந்த எல்லைகள் 30 நாளுக்கானவை. மீட்டர் பார்க்க வருபவர் 33 நாள் கழித்து வந்தால் எல்லையும் அந்த நாட்களுக்கு ஏற்பக் கூடும். ஆகவே பில்லில் யூனிட்டை மட்டும் பார்க்காமல் இரண்டு திகதிகளையும் பாருங்கள். சுருக்கமாக, நாளுக்கு 2 யூனிட். அதுதான் உங்கள் இலக்கு. காலையில் தேத்தண்ணி போடும் நேரத்தில் மீட்டரைப் பார்த்து, கலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதிவையுங்கள். பில் வந்த பிறகு திடுக்கிடுவதைவிட மூன்றாம் நாளே கண்டுபிடிப்பது நல்லது.

சரி, இந்த 35 யூனிட் எங்கே போகிறது? சார்ஜரில் இல்லை. போன் இல்லாமல் சும்மா செருகிக் கிடக்கும் நல்ல சார்ஜர் மாதம் முழுக்க இழுப்பது அரை யூனிட்டுக்கும் குறைவு. கணவரின் பழக்கம் நல்ல பழக்கம்தான், ஆனால் பில்லில் தெரியாது. எல்.ஈ.டி. பல்ப்பும் அப்படியே. 9 வாட் பல்ப் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதம் ஒன்றரை யூனிட்டை எட்டாது.

அம்மாவின் அறை ஃபேனைப் பாருங்கள். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 வாட் அளவில் இழுக்கும். இரவு முழுக்க, பகலில் ஒரு தூக்கம் என்று 12 மணி நேரம் ஓடினால் மாதம் 25 யூனிட். கூடிய 35இல் பெரும்பங்கு அங்கேயே போகிறது. மிச்சத்துக்குக் கேத்தலைச் சந்தேகப்படுகிறேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சுடுதண்ணி அடிக்கடி தேவைப்படும். ஒன்றரை லீற்றர் தண்ணியைக் கொதிக்கவைக்க 0.15 யூனிட் போகும். நாளுக்கு இரண்டு முறை என்றால் மாதம் 9 யூனிட். 25உம் 9உம் 34.

இது என் ஊகம். சரிதானா என்று நீங்களே பார்த்துவிடலாம், அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இலக்கம் காட்டும் மீட்டரில் சிறிய சிவப்பு வெளிச்சம் ஒன்று மின்னும். அதன் பக்கத்தில் 1600 அல்லது 3200 போல ஓர் எண் இருக்கும். அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தி, பிரிட்ஜையும் கழற்றி, அந்த ஃபேனை மட்டும் போடுங்கள். பிள்ளை ஒருவரை மணிக்கூட்டோடு மீட்டருக்கு முன்னால் நிறுத்தி, ஆறு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணியதைப் பத்தாயிரத்தால் பெருக்கி, மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்தால் வாட் வந்துவிடும். 1600 மீட்டரில் 12 முறை மின்னினால் 75 வாட். விஞ்ஞான பாடத்துக்கும் உதவும்.

அந்தச் சோதனையில் ஃபேனையும் நிறுத்திவிட்ட பிறகும் வெளிச்சம் மின்னிக்கொண்டே இருந்தால் கவனியுங்கள். எங்கோ ஒரு சாமான் ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. எங்கள் கரையோர உப்புக் காற்றில் வெளிச்சுவர்ப் பிளக்கும் மோட்டர் இணைப்பும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், சீல் வைத்த மீட்டரில் கை வைக்க வேண்டாம். இன்னொன்று: 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் நின்ற காலத்தில் வாங்கிய இன்வேட்டர், பேட்டரி இப்போதும் சில வீடுகளில் மூலையில் இருந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. 15 வாட்தான் இழுக்கிறது என்று வைத்தாலும் மாதம் 11 யூனிட் அளவில் வரும். உங்கள் வீட்டிலும் இருந்தால் கழற்றிவிட்டு, பேட்டரி கெடாமல் இருக்க எப்போதாவது சார்ஜ் ஏற்றுங்கள்.

ஃபேனுக்கு என்ன செய்வது? அம்மாவை வேர்க்கவிட்டு மிச்சம் பிடிக்கச் சொல்லமாட்டேன். ஃபேனைக் குறைக்கும் முன் அறையைக் குளிரவைக்க வேண்டும். சீற்றுக்கு அடியில் நாள் முழுக்கச் சேர்ந்த சூட்டைத்தான் ஃபேன் கீழே தள்ளுகிறது. அறை மேற்குப் பக்கம் என்றால், வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்ற அனல் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் அந்தச் சுவரும் பின்னேர வெயிலில் கொதிக்கும். சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தடி நட்டு, கிடுகுத் தட்டி ஒன்று கட்டுங்கள். சுவரில் ஒட்டிக் கட்டக் கூடாது, இடையில் காற்று ஓட வேண்டும். அடுப்படிப் பக்கம் என்றால் கிடுகே வேண்டாம், நிழல் வலை போடலாம். சீற்றின் மேலே வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளைக் கூரைப் பூச்சு அடிப்பது இரண்டாவது வேலை. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைத் தேய்க்கவோ துளை போடவோ விடாதீர்கள், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. பாரம் தாங்காது, ஆளை ஏற்றி மிதிக்கவும் விடாதீர்கள்.

ஜன்னலை நாள் முழுக்கத் திறந்துவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கச்சான் நாட்களில் அது பிழை. வெளிக்காற்று அனலாக இருக்கும் பகல் வேளையில் மேற்குப் பக்கத்தைச் சாத்தி, கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தை மட்டும் விடுங்கள். பொழுதுபட்டதும் எல்லாவற்றையும் திறந்து, மேசை ஃபேனை வெளிப்பக்கம் பார்க்கவைத்து அரை மணி நேரம் ஓடவிட்டால் அறைக்குள் அடைந்த சூடு போய்விடும். அப்புறம் படுத்தால் முழு வேகம் தேவைப்படாது.

வேகத்தைக் குறைத்தால் கரண்டும் குறையுமா என்பது ரெகுலேட்டரைப் பொறுத்தது. தொட்டால் சுடும் பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும், ஆனால் குறைத்ததில் ஒரு பங்கைச் சூடாக வீணாக்கும். சிறிய எலெக்ட்ரோனிக் ரெகுலேட்டரில் அந்த நட்டம் மிகக் குறைவு. ஃபேன் முன்புபோல வேகமாகச் சுற்றவில்லை, எப்போதும் ஐந்திலேயே வைக்கிறீர்கள் என்றால் ஃபேனுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் என்ற சிறிய பாகம் களைத்திருக்கும். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவில் ஒன்று வாங்கி எலக்ட்ரீசியனைக் கொண்டு மாற்றுங்கள், அதிகம் செலவாகாது. இவ்வளவுக்குப் பிறகும் காசு செலவழிக்க நினைத்தால், உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் ஒரே புதுச் சாமான், குறைந்த கரண்டில் ஓடும் மோட்டர் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று, அதுவும் அம்மாவின் அறைக்கு மட்டும். 30 வாட்டில் அதே காற்று. 12 மணி நேரம் ஓடினாலும் மாதம் 11 யூனிட் அளவில்தான். 14 யூனிட் மிச்சம். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் ஹோல் ஃபேனை மாற்றுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

கேத்தலுக்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. தேவையான தண்ணியை மட்டும் ஊற்றுங்கள், காலையில் ஒரு முறை கொதிக்கவைத்து ஃபிளாஸ்கில் வையுங்கள்.

மோட்டர் 500 வாட் அளவில் இழுக்கும். நாளுக்கு அரை மணி நேரம் என்றால் மாதம் ஏழரை யூனிட். டேங்க் நிரம்ப முன்பைவிடக் கூட நேரம் எடுக்கிறதா, ஒவ்வொரு முறையும் தண்ணி ஊற்றித்தான் தொடங்க வேண்டியிருக்கிறதா? கிணற்றுக்குள் இருக்கும் குழாயின் அடியில் தண்ணி திரும்பி இறங்காமல் பிடிக்கும் ஃபுட்வால்வ் தேய்ந்திருக்கும். கிணறு வற்றும் மாதங்களில் நேரம் கூடுவது இயல்பு, அதைப் பிழையென்று எடுக்க வேண்டாம். டேங்க்கை நிரப்பி, இரவு படுக்கும்போது மட்டத்தைக் குறித்து, காலையில் எழும்பியதும் பாருங்கள். யாரும் பாவிக்காமல் இறங்கியிருந்தால் கக்கூஸ் ஃபிளஷ் டேங்க்கில்தான் பெரும்பாலும் ஒழுக்கு. பூமரத்துக்கும் முற்றம் தெளிக்கவும் டேங்க் தண்ணி எதற்கு, மணல் தரையில் கிணறு ஆழமில்லை. பிள்ளைகள் நாலு வாளி அள்ளட்டும்.

இனி பிரிட்ஜ். பதினொரு வருடம் என்பதற்காக மாற்றத் தேவையில்லை. கதவு இறப்பரில் ஒரு கடதாசித் துண்டை வைத்துச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் குளிர் போகிறது. நான்கு பக்கமும் பாருங்கள். இறப்பர் மட்டும் தனியாக வாங்கிப் போடலாம். பின்பக்கக் கம்பிகளில் தூசும் துருவும் இருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடைத்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஃப்ரீஸரில் ஐஸ் கட்டிக்கொண்டால் உருகவிடுங்கள். மலிவாகக் கிடைத்தது என்று ஐந்து கிலோ சூரை மீனை ஒரே நேரத்தில் திணிக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அன்றைக்கு முழுக்க கம்ப்ரசர் நிற்காது.

அது உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று அறிய, மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கோ கல்யாண வீட்டுக்கோ எல்லோரும் ஒரு முழு நாள் வெளியே போகும்போது பிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, போகும்போதும் வந்த பிறகும் மீட்டரை எழுதுங்கள். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ் 24 மணி நேரத்தில் ஒரு யூனிட்டுக்குள் எடுத்தால் விட்டுவிடுங்கள். யாரும் திறக்காத நாளிலேயே ஒன்றரை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி.

சோலார் இப்போது வேண்டாம். மாதம் 200, 300 யூனிட் எரிக்கும் ஏசி வீட்டுக்கு அது நல்ல முதலீடு. 60ஐ ஒட்டி நிற்கும் வீட்டில் போட்ட காசு திரும்ப நெடுங்காலம் எடுக்கும். பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று விற்கும் சிறிய பெட்டியை எந்தக் காலத்திலும் வாங்காதீர்கள். வீட்டு மீட்டர் கணக்கிடுவதில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. இரவு ஆறரையிலிருந்து பத்தரை வரை அயன் பண்ணக்கூடாது, அப்போது விலை கூட என்ற கதையும் உங்களுக்குப் பொருந்தாது. நேரத்துக்கு ஒரு விலை என்ற முறையில் இணைந்தவர்களுக்குத்தான் அது. உங்கள் மீட்டருக்கு எந்த நேரமும் ஒரே கணக்கு. வாரத்துக்கு ஒரு முறை எல்லாச் சட்டையையும் ஒன்றாக அயன் பண்ணினால் போதும்.

கேஸ் விஷயத்தில், வாய் ஒன்று கூடியிருக்கிறது, கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் சுவாலை மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளை அடைபட்டிருக்கிறது. ஊசியால் குத்தி, கழுவிக் காயவைத்துப் போடுங்கள். சட்டியின் விளிம்பைத் தாண்டி எரிவது காற்றுக்குத்தான். ஜன்னலுக்கு நேரே அடுப்பு இருந்தால் கச்சான் சுவாலையைச் சரிக்கும், இடத்தை மாற்றுங்கள். கடலை, பயறு இரவே ஊறட்டும். மண்சட்டிக் குழம்பை இறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அணைக்கலாம், சட்டியின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தென்னம்மட்டை, சிரட்டை வளவில் கிடந்தால் வெளி அடுப்பில் சோறு வையுங்கள், ஆனால் புகை அம்மாவின் அறைப் பக்கம் போகக் கூடாது.

கேஸா, கரண்டா எது மலிவு என்றும் பலர் கேட்கிறார்கள். 12.5 கிலோ சிலிண்டரில் 160 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது, சட்டிக்குப் போய்ச் சேருவது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 85 யூனிட் என்று வைப்போம். சிலிண்டர் விலையை 85ஆல் வகுத்து, உங்கள் பில்லில் கடைசிப் படியின் யூனிட் விலையோடு ஒப்பிடுங்கள். 60க்குள் வந்த பிறகு கரண்ட் மலிவாகத் தெரியும். அதை நம்பி எல்லாச் சமையலையும் கரண்டுக்கு மாற்றினால் மறுபடி 60ஐத் தாண்டிவிடுவீர்கள். ரைஸ் குக்கரில் ஒரு நேரச் சோறோடு நிறுத்துங்கள்.

முதலில் தட்டி, ஜன்னல், ஃபிளாஸ்க், ஃபுட்வால்வ், பிரிட்ஜ் இறப்பர். ஒரு மாதம் கலண்டரில் எழுதிப் பார்த்துவிட்டு, நாளுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் நின்றால் ஃபேனை வாங்குங்கள். பிரிட்ஜின் ஒரு நாள் கணக்கையும் மீட்டரில் உள்ள எண்ணையும் எழுதி அனுப்பினால் அதை வைத்திருப்பதா விற்பதா என்று அடுத்த முறை சொல்கிறேன்.