திரும்பப் போய்க் கேட்ட பெண்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். பெயர் போடாமல் எழுதுகிறேன், மன்னியுங்கள். எங்கள் சபையில் பதினொரு வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். கணவர் என்னை விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. போன வருஷம் கோர்ட்டில் விவாகரத்து ஆனது. அடுத்த மாதமே சேகரக் கமிட்டியில், அதாவது சபையை நிர்வகிக்கிற கமிட்டியில், பேசி, "நீங்க பிள்ளைகள் முன்னால நிக்கிறது சரியா இருக்காது, கொஞ்ச நாள் ஒதுங்கி இருங்க" என்று சொல்லிவிட்டார்கள். வேதத்தில் வருகிற ரூத்தின் கதையில், அவள் பெத்லகேமுக்கு வந்து சேர்ந்த இடத்தோடு என் பாடம் நின்றுபோனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இன்னும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அப்புறம் ரூத் என்ன செஞ்சா டீச்சர்?" என்கிறார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போய்க் கேட்கலாம் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. ஜெபக்குழுவில் ஒரு அம்மா, "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கலியே, உனக்கு விசுவாசம் பத்தாது" என்றார்கள். அப்படித்தானா அக்கா? தேவன் என்னை எதற்காக வைத்திருக்கிறார்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த அம்மா சொன்ன வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். அது இரண்டாம் தீமோத்தேயு முதல் அதிகாரத்தின் ஏழாம் வசனம். அதற்குச் சில வசனம் மேலே போய்ப் பாருங்கள். "உன் கண்ணீரை நினைத்து" என்று பவுல் எழுதுகிறார். சிறையில் கட்டுண்டிருக்கிறவர், அழுத முகத்தோடு தன் மனதில் நிற்கிற தீமோத்தேயு என்கிற பிள்ளைக்கு எழுதிய கடிதம் அது. கடிந்துகொள்ள எழுதியது இல்லை. அதைத் தொடர்ந்து இரண்டு பெண்களின் பெயர் வருகிறது: பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். அந்த வீட்டில் விசுவாசம் முதலில் அவர்களுக்குள் இருந்தது, அப்புறம்தான் தீமோத்தேயுவுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்த இரண்டு பெண்களைச் சொன்ன பிறகுதான் பயமுள்ள ஆவியைப் பற்றியே பேச்சு வருகிறது. அந்த வசனத்தை எடுத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன உங்களையே அடித்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் கை நடுங்குவதால் உங்கள் விசுவாசம் குறைந்துபோகவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பழைய ஆலயம் இருக்கிறது. கிளாரிந்தா ஆலயம் என்பது பெயர், ஊரில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே அந்தப் பெண்தான். மராட்டிய பிராமணக் குடும்பத்து விதவை. ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார், கிறிஸ்துவைப் பற்றி அவரிடமிருந்தே தெரிந்துகொண்டார். ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்க மறுத்தார். மணம் செய்யாமல் வாழ்கிறார் என்பது காரணம். மணம் செய்யாமல் வாழ்ந்தது இரண்டு பேர். கதவு அடைக்கப்பட்டது அவருக்கு மட்டும். சுவார்ட்ஸ் ஐயர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனாலும் இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மனது கனத்துப்போகிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் அப்படித்தான் இருந்தது. விட்டுப் போனவர் உங்கள் கணவர், ஒதுங்கி இருக்கச் சொன்னது உங்களை.

அதிகாரி இறந்துபோனார். கிளாரிந்தா மறுபடியும் கேட்டார், மறுத்த அதே மனிதரிடம். 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டே வருஷத்தில், 1780இல், அங்கே சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். 1785இல் கிளாரிந்தாவின் முயற்சியால் ஆலயம் எழும்பியது, அதைப் பிரதிஷ்டை செய்ததும் சுவார்ட்ஸ்தான். எத்தனையோ முறை இதை யோசித்திருக்கிறேன். முதல் தடவை "இல்லை" என்று சொன்ன வார்த்தையை, தேவனே சொன்னதாகக் கிளாரிந்தா எடுத்துக்கொண்டிருந்தால்? கசந்துபோய்த் திரும்பி வராமலே இருந்திருந்தால்? மறுத்தவர் ஒரு மனிதர், கூப்பிட்டவர் கிறிஸ்து, இரண்டையும் அவர் ஒன்றாக்கிக்கொள்ளவில்லை. அவரிடம் நான் காண்கிற தைரியம் இதுதான். திரும்பிப் போன அன்று அவர் கை நடுங்காமலா இருந்திருக்கும்?

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மா சபையில் எழுந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து, மூடி நெளிந்த ஒரு தகர டப்பாவில் போடுவாள். எங்கள் பக்கத்தில் அதைக் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்போம், மாதம் ஒருமுறை கோயிலுக்குப் போகும். அப்பாவை அடக்கம் செய்த நான்காம் நாள்தான் எங்கள் வீட்டில் மறுபடி அடுப்பு எரிந்தது. பானையில் கொஞ்சம்தான் அரிசி. அம்மா கையை விட்டு எடுத்தாள். நடுக்கத்தில் பாதி தரையில் சிந்தியது. குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். "நமக்கே இல்லையேம்மா" என்றேன். "இது நம்மது இல்லட்டீ" என்றாள். எதற்காகத் தேவன் தன்னை வைத்திருக்கிறார் என்று அம்மா கேட்டதாக எனக்கு நினைவில்லை. அன்றைய பிடியை அன்று எடுத்தாள். அதைப் பார்த்துத்தான் நான் விசுவாசத்துக்குள் வந்தேன்.

அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பெரிதாக எதையும் தேடப் போகவில்லை. பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்.

ஐயரைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், பெண்கள் ஐக்கியத்தில் உங்களை நன்றாக அறிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நடுக்கம் வந்தால் பார்த்து வாசியுங்கள், அதில் வெட்கமில்லை. "கொஞ்ச நாள்" என்றார்களே, எத்தனை நாள் என்று கேளுங்கள். என்ன தவறு கண்டீர்கள் என்று கேளுங்கள். முடியாது என்று சொன்னால், சில மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். அழுகை வந்தால் அழுதுகொண்டே கேளுங்கள். வேதத்தில் எஸ்தர், கூப்பிடாமல் போனால் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் ராஜாவிடம் போனது பயம் தீர்ந்த பிறகு இல்லை. "நான் செத்தாலும் சாகிறேன்" என்று சொல்லி, மூன்று நாள் உபவாசித்துத்தான் போனாள்.

போகிற நாளை எனக்கு எழுதுங்கள், அன்று காலை உங்களுக்காக முழங்காலில் இருப்பேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இன்று சாயந்தரமே வாசற்படியில் உட்காரவைத்து, வாற்கோதுமை அறுப்புக் காலத்தில் விதவை ரூத் யாரோ ஒருவருடைய வயலுக்குக் கதிர் பொறுக்கப் போனதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா